கிட்டார் ஆம்பின் வால்வு சாக்கெட்டை மாற்றுதல்: அளந்து, தேடி, பொருத்த முழுமையான வழிகாட்டி

வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்பில் கரகரப்போ விட்டுவிட்டு வரும் சத்தமோ கேட்டால் பழி முதலில் வால்வின் மேல்தான் விழும். புது வால்வு போட்ட பிறகும் சத்தம் அடங்காதபோதுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சாக்கெட் நினைவுக்கு வருகிறது. சாக்கெட் கெட்டுப்போனால் விலை உயர்ந்த பவர் வால்வும், சில சமயம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். நல்ல மாற்று சாக்கெட்டைத் தேடிப் பிடிப்பதில் பெரும்பாலோர் தடுமாறுவதற்குக் காரணம், படத்தைப் பார்த்து வாங்குவதுதான். சாக்கெட்டை மில்லிமீட்டரில் அளந்தும், வால்வின் எந்தப் பின்னுக்கு (காலுக்கு) பக்கத்தில் எந்த வோல்டேஜ் நிற்கிறது என்று பார்த்தும் வாங்க வேண்டும்.

திறப்பதற்கு முன்

பவர் வால்வுகளுக்குப் போகும் டிசி வோல்டேஜ் பெரிய ஆம்புகளில் 450 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தால் அதை வாசிக்கும் நிலையில் விடுங்கள். இல்லாவிட்டால் சுவிட்சுக்கு ஒரு பக்கக் கெபாசிட்டர்கள் மட்டும் காலியாகி, மறுபக்கம் நிறைந்தே இருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்களோடு இணைத்து, ஒவ்வொரு கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனையையும் ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸோடு பத்து வினாடி தொடவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். 10 வோல்டுக்குக் கீழே வராமல் கை வைக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்வது கெபாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து.

கீழே சொல்லும் சோதனைகளில் சில, ஆம்ப் ஓடும்போது செய்ய வேண்டியவை. கறுப்பு புரோபை சேசிஸில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, ஒரே கையால் சிவப்பு புரோபை மட்டும் பிடித்து அளப்பது பழக்கமாகட்டும். உயர் வோல்டேஜில் அளந்து பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பழுது சாக்கெட்டில்தானா?

முதலில் கண்ணால் பாருங்கள். ஈஎல்34, 6எல்6ஜிசி, 6வி6 போன்ற எட்டுப் பின் வால்வுகளில் ஆனோடு (உயர் வோல்டேஜ் வரும் முனை) பின் 3, ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) பின்கள் 2, 7. அதாவது 480 வோல்ட் நிற்கும் பின்னுக்கு அடுத்த வீட்டில், கிட்டத்தட்ட பூஜ்ய வோல்டில் ஹீட்டர். வாசிக்கும்போது ஆனோடு வோல்டேஜ் சப்ளையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை எகிறும். ஸ்பீக்கர் கேபிள் கழன்ற நிலையில் வாசித்தால் அதையும் தாண்டும். அப்போது பொறி பாய்வது பெரும்பாலும் பின் 3-க்கும் 2-க்கும் இடையில்தான். அங்கே கறுப்பு மரக்கிளை போல ஒரு கோடு தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம், சாக்கெட்டை மாற்றுங்கள். பல சாக்கெட்டுகளைச் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக்கான பேக்கலைட் கருகினால் கரியாகிறது, கரி மின்சாரத்தைக் கடத்தும். எவ்வளவு சுரண்டினாலும், ஆல்கஹால் போட்டுத் துடைத்தாலும், மீண்டும் அதே வழியில்தான் பொறி ஓடும்.

பின் 2, 7 ஆகியவற்றைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் அது வேறு நோய், பிடி தளர்ந்திருக்கிறது. ஈஎல்34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கும். காண்டாக்டில் (வால்வின் பின்னைக் கவ்வும் உலோக இதழில்) 0.2 ஓம் எதிர்ப்பு சேர்ந்தாலே 0.3 வோல்ட் அங்கே விழுகிறது, 0.45 வாட் வெப்பம் அந்தச் சின்ன உலோகத் துண்டிலேயே உருவாகிறது. வெப்பத்தில் ஸ்பிரிங் மேலும் தளரும், எதிர்ப்பு மேலும் கூடும். தானாகச் சரியாகும் பழுது அல்ல இது. 6எல்6ஜிசியின் ஹீட்டர் 0.9 ஆம்பியர்தான், அதனால் அந்த ஆம்புகளில் இது மெதுவாகவே வரும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுதான் ஆட்களை ஏமாற்றுவது. பின் 5 கன்ட்ரோல் கிரிட் (சிக்னல் நுழையும் முனை), பின் 4 ஸ்கிரீன் கிரிட் (உயர் வோல்டேஜ் பெறும் துணை முனை). பின் 6 இந்த வால்வுகளில் பயன்படாதது. அதனால் பல ஆம்புகளில் ஸ்கிரீன் ரெசிஸ்டரின் சப்ளை முனையை அதில் கட்டியிருப்பார்கள். ஃபெண்டரின் பிளாக்ஃபேஸ் காலத்து டுவின் ரிவர்ப், டீலக்ஸ் ரிவர்ப் ஆகியவற்றில் 470 ஓம் ரெசிஸ்டர் பின் 6-லிருந்து 4-க்கு வருகிறது. ஆக, மைனஸ் 40 வோல்டில் இருக்க வேண்டிய பின் 5-க்கு இரு பக்கமும் 400 வோல்டுக்கு மேல் நிற்கிறது. அழுக்கும் ஈரமும் ஏறிய சாக்கெட்டில் 4-க்கும் 5-க்கும் இடையில் 10 மெகா ஓம் கசிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம், சப்ளை 480 வோல்ட் என்றால் பின் 5-இன் வோல்டேஜ் சுமார் 11 வோல்ட் மேலேறி மைனஸ் 29-க்கு வந்துவிடும். அந்த வால்வின் ஆனோடு சிவந்து எரியும். மல்டிமீட்டரின் ஓம் அளவு சில வோல்ட் பேட்டரியில் நடப்பதால் இந்தக் கசிவு அதில் பெரும்பாலும் சிக்காது.

ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் (கிரிட்டுக்குத் தனி நெகட்டிவ் வோல்டேஜான பயாஸ் தரப்படும் வகை) இதைக் கண்டுபிடிக்கும் வழி:

1. பவர் வால்வுகளை எல்லாம் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும்.
2. ஸ்டாண்ட்பையில் வைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் பின் 5-இன் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. ஸ்டாண்ட்பையை எடுத்து மீண்டும் அளந்து, உடனே அணைத்துவிடுங்கள். வால்வு இல்லாததால் சப்ளை வழக்கத்தைவிட ஏறி நிற்கும். நெடுநேரம் ஓடவிட்டால் பழைய கெபாசிட்டர்கள் தாங்காது.
4. ஓரிரு வோல்டுக்கு மேல் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. அது சாக்கெட்டா, முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டரா என்று தெரிய வேண்டும். அணைத்து, கெபாசிட்டர்களைக் காலி செய்து, பின் 5-க்கு வரும் வயரைக் கழற்றி, தொங்கும் அந்த முனையில் மறுபடி அளங்கள். நகர்வு நின்றுவிட்டால் குற்றவாளி சாக்கெட். நகர்வு தொடர்ந்தால் கெபாசிட்டரைத் தேடுங்கள்.

கேத்தோடு பயாஸ் உள்ள (தனி நெகட்டிவ் வோல்டேஜ் தராத) ஈஎல்84 ஆம்புகளில் வால்வு இல்லாதபோது கிரிட் பின் 2-இல் 0 வோல்ட் இருக்க வேண்டும். பாசிட்டிவ் வோல்டேஜ் தெரிந்தால் இதே வழியில் பிரித்துப் பாருங்கள்.

சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் வால்வுகளுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு மரக்குச்சியால் 12ஏஎக்ஸ்7-ஐ மெல்லத் தட்டுங்கள், பக்கவாட்டில் லேசாக அசையுங்கள். தட்டினால் மணி போல ஒலித்தால் வால்வு, அசைத்தால் கரகரத்தால் சாக்கெட் அல்லது அதன் சால்டர். நல்லதென்று தெரிந்த வேறு வால்வை மாற்றி ஒருமுறை உறுதி செய்துகொண்டால் போதும்.

மாற்றாமல் தப்பிக்க முடியுமா?

கருகலும் கசிவும் இல்லாமல், பிடி மட்டும் தளர்ந்திருந்தால் முடியும். காண்டாக்ட் கிளீனரைச் சாக்கெட்டில் பீச்சாதீர்கள். பேக்கலைட்டின் வெடிப்புகளில் அது தங்கி அழுக்கைச் சேர்க்கும். வால்வின் பின்களில் தடவி, நாலைந்து முறை சொருகி எடுங்கள். பல் இடுக்குத் துலக்கும் சிறு பிரஷ் ஒன்பது பின் சாக்கெட்டின் துளைக்குச் சரியாக இருக்கும், அதன் வால்வுப் பின் சுமார் 1 மி.மீ. தடிமன்தான். எட்டுப் பின் வால்வில் பின் 2.4 மி.மீ. துருவுக்குத் தெளிக்கும் எண்ணெய் ஸ்பிரேக்களைத் தவிருங்கள், அவை விட்டுப்போகும் எண்ணெய்ப்படலம் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பிடியை இறுக்க, ஊசியையோ கடிகார ஸ்க்ரூடிரைவரையோ காண்டாக்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே விட்டு, இதழை உள்நோக்கிக் கொஞ்சமாகத் தள்ளுங்கள். தள்ளியதும் மறுபடி பின்வாங்கும் இதழ் வெப்பத்தில் உயிரிழந்த ஸ்பிரிங். அதை இறுக்குவதில் பயனில்லை.

எது வேண்டும் என்று அளந்து எழுதுங்கள்

கிட்டார் ஆம்பில் பெரும்பாலும் வருவது இரண்டே வகை. 12ஏஎக்ஸ்7 (ஐரோப்பியப் பெயர் ஈசிசி83), ஈஎல்84 இரண்டுக்கும் ஒன்பது பின் நோவல் சாக்கெட். பிரிட்டிஷ் பட்டியல்களில் பி9ஏ என்று இருக்கும். பின்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 11.9 மி.மீ. ஈஎல்34 போன்ற எட்டுப் பின் பவர் வால்வுகளுக்கும், ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வுக்கும் 1935-இல் வந்த ஆக்டல் சாக்கெட், அதன் பின் வட்டம் 17.45 மி.மீ. அபூர்வமாகச் சில பழைய ஆம்புகளில் ஏழு பின் பி7ஜி இருக்கும், அதன் வட்டம் 9.5 மி.மீ.

வகை தெரிந்தது பாதி வேலைதான். வாங்கியபின் பொருந்தாமல் போவது அடுத்த அளவுகளில்தான். வெர்னியர் காலிப்பர் வைத்து இவற்றைக் குறியுங்கள்:

– இரண்டு ஸ்க்ரூ துளைகளின் மையத்துக்கு மையம். இன்று கிடைக்கும் நோவல்கள் பெரும்பாலும் 28 மி.மீ., ஆக்டல்கள் 38 மி.மீ. பழைய சாக்கெட்டில் வேறாக இருக்கலாம்.
– சேசிஸில் உள்ள வட்டத் துளையின் விட்டம்.
– சாக்கெட்டின் தகடு சேசிஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, அடியிலா.
– ஸ்க்ரூவா, ரிவெட்டா. ஸ்க்ரூ என்றால் அதன் மரை. அமெரிக்க ஆம்பில் அங்குல மரை இருக்கும், எம்3 நட்டு ஏறாது.
– அதே ஸ்க்ரூ வால்வைப் பிடிக்கும் கிளாம்பையோ ஷீல்டின் அடிப்பாகத்தையோ சேர்த்துப் பிடித்திருக்கிறதா.

கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுபவர்கள் அதிகம். ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள காம்போ ஆம்பில் பவர் வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். கிளாம்ப் இல்லாத சாக்கெட்டை மாட்டினால் அதிர்வில் வால்வு நழுவிக் கீழே இறங்கிவிடும்.

சர்க்யூட் போர்டில் சால்டர் செய்யும் வகை என்றால் இன்னும் கவனம் தேவை. மேலே வால்வு நுழையும் வட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் அடியில் போர்டுக்குள் போகும் கால்களின் வட்டம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எதிரெதிர்க் கால்களுக்கு இடையே அளங்கள். ஒன்பது என்ற எண்ணிக்கையால் நேர் எதிர்க்கால் அமைவது எல்லாப் பின்னுக்கும் வராது. பத்து இடங்களில் ஒன்று காலி என்பதால் 1-க்கு எதிரே 6, 2-க்கு எதிரே 7, இப்படிப் பாருங்கள். கால் தட்டையா உருண்டையா, போர்டிலிருந்து சாக்கெட்டின் மேல்விளிம்பு வரை உயரம் எவ்வளவு, இதையும் எழுதுங்கள். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் போன்றவற்றில் சாக்கெட் போர்டில் இருந்தபடி சேசிஸின் துளை வழியே எட்டிப் பார்க்கிறது. உயரம் 2 மி.மீ. குறைந்தால் வால்வு முழுதாக இறங்காது.

எந்தப் பொருள்?

பேக்கலைட் மலிவு, ப்ரீஆம்புக்குப் போதும். பவர் வால்வுக்கு வேண்டாம், காரணம் மேலே சொன்ன கரி. பீங்கான் கருகாது, வெப்பம் தாங்கும், துடைத்தால் சுத்தமாகும். ஆனால் பீங்கானைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். மலிவான பீங்கான் சாக்கெட்டுகளில் உள்ளே இருக்கும் தகரக் காண்டாக்ட்தான் முதலில் தளர்கிறது. சேசிஸ் சமதளமாக இல்லாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் பீங்கானில் விரிசலும் விழும். கொரியாவின் பெல்டன் நிறுவனம் செய்யும் மைகாலெக்ஸ் சாக்கெட்டுகளின் பிடி உறுதியாகவும் நீடித்தும் இருப்பதால் பவர் வால்வுக்கு எங்கள் முதல் தேர்வு அவைதான். பழைய ரேடியோக்களில் வரும் மெல்லிய இரட்டைத் தகடு வேஃபர் சாக்கெட்டை எந்தக் கிட்டார் ஆம்பிலும் போடாதீர்கள்.

முலாம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி முலாம் கறுத்திருப்பது குறையல்ல. தங்க முலாம் அழகுதான், ஆனால் ஸ்பிரிங்கின் வலு முலாமில் இல்லை.

எங்கே தேடுவது?

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் எட்டுப் பின் சாக்கெட் என்று கேட்டால் கையில் வருவது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பேஸாக இருக்கக்கூடும். தொழிற்சாலைக் கன்ட்ரோல் பேனல்களில் போடும் அந்த பேஸும் ஆக்டல்தான், வால்வு கச்சிதமாக உட்காரும். ஆனாலும் வாங்காதீர்கள். அவை 250 அல்லது 300 வோல்டுக்குச் செய்யப்பட்டவை. பவர் வால்வின் ஆனோடு வோல்டேஜுக்கு ஏற்றவை அல்ல.

பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய சாக்கெட்டுகளும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும். ப்ரீஆம்புக்கு வேண்டுமானால் பீங்கான் நோவலைத் தேடி எடுக்கலாம். பழைய சால்டர் நிறைந்து, வளைத்த டேக்குகள் (வயரைச் சால்டர் செய்யும் கால்கள்) உடையும் நிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்க, ஆம்ப் உதிரிபாகங்களுக்கென்றே இருக்கும் கடைகளுக்கு ஆர்டர் செய்வதே நல்லது. அமெரிக்காவில் அரிசோனாவின் ஆன்டிக் எலக்ட்ரானிக் சப்ளை, ஜெர்மனியின் டியூப் ஆம்ப் டாக்டர் போன்றவை அளவுப் படத்தோடு விற்கின்றன. அளவுப் படம் இல்லாத பொருளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், போர்டு வகைக்கு வாங்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவே சாக்கெட்டின் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஆம்பில் உள்ள பவர் சாக்கெட்டுகளை மொத்தமாகவும், ஒன்று உபரியாகவும், கூடவே கிளாம்ப், கிரிட் ரெசிஸ்டர், ஸ்கிரீன் ரெசிஸ்டர் ஆகியவற்றையும் சேர்த்து வாங்குங்கள். நான்கு வால்வு ஆம்பில் ஒரு சாக்கெட் வெப்பத்தில் போயிருந்தால் மற்ற மூன்றும் அதே வெப்பத்தில் இருந்தவைதான்.

கைக்கு வந்ததும் ஒரு செத்த வால்வைச் சொருகிப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒற்றைப் பின்னின் தடிமனுள்ள கம்பியை விட்டு இழுத்தால் எல்லாம் ஒரே அளவு பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் வழுக்கினால் திருப்பி அனுப்புங்கள்.

கழற்றுதல்

பல கோணங்களில் படம் எடுங்கள். வயர்களில் காகித டேப் சுற்றிப் பின் எண்ணை எழுதுங்கள். எண்களை அடியிலிருந்து பார்த்து, ஆக்டலில் நடுத்துளையின் பள்ளத்திலிருந்தும், நோவலில் காலி இடத்திலிருந்தும் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். பள்ளம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சேசிஸில் மார்க்கரால் குறியிடுங்கள். திசை மாறிப் பொருத்தினால் வயர்கள் எட்டாது, எட்டினாலும் கிரிட் வயர் ஹீட்டர் வயரின் மேல் படுத்து ஹம் (உறுமல் சத்தம்) வரும்.

வயரை வெட்டாமல், சால்டர் விக்கால் உறிஞ்சிக் கழற்றுங்கள். ரிவெட் என்றால் அதன் தலையை 3.2 மி.மீ. டிரில் பிட்டால் எடுத்துவிடலாம். சுற்றிலும் டேப் ஒட்டி, உலோகத்தூளை அப்போதே உறிஞ்சி எடுங்கள். சர்க்யூட்டுக்குள் விழுந்த ஒரு தூள் பின்னாளில் ஷார்ட் ஆகும்.

போர்டு வகையில் சாக்கெட்டை முழுதாகக் காப்பாற்ற முயலாதீர்கள். அதைக் கட்டரால் உடைத்து, காலைத் தனித்தனியாக்கி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் நெம்பினால் துளையின் செப்பு வளையம் பிய்ந்து வரும். போர்டே கருகியிருந்தால் கருகிய பகுதியை நல்ல நிறம் தெரியும் வரை சுரண்டி எடுத்து, எப்பாக்ஸி பூசிய பிறகே புதுச் சாக்கெட்.

பொருத்துதல்

சேசிஸ் துளை சிறிதாக இருந்தால் ஸ்டெப் டிரில்லால் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் சரியான துளைகள் போட்டு இடையில் வையுங்கள். ஸ்க்ரூக்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சால்டர் செய்யும்போது சாக்கெட்டில் செத்த வால்வு ஒன்றைச் சொருகியே வைத்திருங்கள். காண்டாக்டுகள் உள்ளே கொஞ்சம் ஆடும்படிதான் இருக்கும். வால்வு இல்லாமல் சால்டர் இறுகினால் அவை கோணலாக நின்றுவிடும். நோவலில் பிறகு வால்வைத் திணிக்கும்போது கண்ணாடி அடியில் விரிசல் விழும். நல்ல வால்வை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

முதலில் ஹீட்டர் வயர்கள்: இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டி. 12ஏஎக்ஸ்7-இல் 6.3 வோல்டுக்குப் பின் 4, 5 இரண்டையும் சேர்த்து ஒரு வயர், பின் 9-க்கு மற்றது. நான்கு ஈஎல்34 சேர்ந்து 6 ஆம்பியர் இழுக்கும், வயர் ஏறக்குறைய 1 சதுர மி.மீ. இருக்கட்டும். கிரிட் ரெசிஸ்டரின் உடல் பின்னை ஒட்டி இருக்க வேண்டும், நீண்ட கால் ரேடியோ நிலையத்தைப் பிடித்துத் தரும். ஸ்கிரீன் ரெசிஸ்டர் சூடாகும், சாக்கெட்டைத் தொடாமல் சில மி.மீ. உயர்த்தி வையுங்கள். 60/40 சால்டர், சுமார் 350 டிகிரி செல்சியஸ், டேக்கில் மூன்று நான்கு வினாடி. அளவுக்கு மேல் ஊட்டினால் சால்டர் காண்டாக்டுக்குள் வழிந்து இறங்கிவிடும்.

காலிப் பின்களை வசதிக்கு இணைப்பிடமாக்கும்போது வால்வின் படத்தைப் பார்த்துவிடுங்கள். 6எல்6-இன் பின் 1 காலி என்று ஃபெண்டர் 1.5 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரை அதில் கட்டியது. அதே சாக்கெட்டில் ஈஎல்34 போட்டால் பின் 1 அதன் சப்ரெசர் கிரிட். அது பின் 8-உடன் சேர்ந்து கேத்தோடுக்குப் போக வேண்டியது. மார்ஷல் ஆம்புகளில் 1-உம் 8-உம் இணைந்திருப்பது இதற்குத்தான். ஈஎல்84-இல் பின்கள் 1, 6, 8 உள்ளே இணைப்புள்ளவையாக இருக்கலாம், அவற்றைத் தொடவே கூடாது. ஆனோடு பின் 7-க்கு இரு பக்கமும் காலி இடம் கிடைப்பதும் அதனால்தான்.

ரெக்டிஃபையர் சாக்கெட்டுக்குத் தனிக் கவனம். 330-0-330 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஜிஇசட்34-இன் பின் 4-க்கும் 6-க்கும் இடையே உச்சம் 930 வோல்டைத் தாண்டும். நடுவில் உள்ள பின் 5-ஐக் காலியாகவே விடுங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் படத்தோடு ஒத்துப் பார்த்துக் கன்டினியூட்டி சோதியுங்கள். பிறகு பவர் வால்வுகள் இல்லாமல், 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை ஆம்பின் மின் இணைப்பில் தொடராக இணைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்து ஷார்ட்டைத் தேடுங்கள்.

பல்பை எடுத்துவிட்டு ஹீட்டரில் 6.3 வோல்ட் அல்லது அதற்குச் சற்று அதிகமும், எல்லா பின் 5-இலும் ஒரே நெகட்டிவ் வோல்டேஜும், பின் 3, 4 ஆகியவற்றில் சப்ளையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாக்கெட்டில் பின் 5 பூஜ்யம் காட்டினால் அங்கே வால்வைப் போடக் கூடாது, பயாஸ் இல்லாத வால்வு சில நொடிகளிலேயே சிவந்துவிடும். எல்லாம் சரியென்றால் ஸ்பீக்கர் இணைத்து, பயாஸை மிகக் குளிர்ந்த பக்கம் (வால்வு மிகக் குறைவாக இழுக்கும் நிலையில்) வைத்து, வால்வுகளைச் சொருகி, படிப்படியாக உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். காண்டாக்ட் சரியான பிறகு வால்வு முன்பைவிடக் கூடுதலாக இழுக்கலாம், பழைய பயாஸ் அளவை நம்பி விடாதீர்கள். அரை மணி நேரம் வாசித்துச் சூடேறிய பின் ஒருமுறை அளந்து, ஆறியதும் ஸ்க்ரூக்களையும் கிளாம்பையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.